பெட்டியைப் பிரித்த அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள்

செடி விற்கிறவனுக்கு விற்றதோடு வேலை முடிந்துவிடும். பார்சலில் வந்த செடியை வீட்டில் பிழைக்க வைக்கிறவனுக்குப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். நான் இரண்டாவது வகை. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் என் கடை இருக்கிறது. தொட்டி, செம்மண், தேங்காய்நார்த் தூள், மட்கிய எரு, இவைதான் சரக்கு. முன்பு செடியும் விற்றேன். ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதும் ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸ்களோடு வாடகை வீடுகள் வந்தன, வாடகை வீடுகளோடு செல்போனில் செடி வாங்கும் பழக்கமும் வந்தது. என் செடிகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை. அதே ஜனங்கள்தான் இப்போது பார்சல் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருகிறார்கள்.

உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். படத்தில் ஆள் உயரம் நிற்கும். பெட்டியைத் திறந்தால் முழங்கை உயரம் இருக்காது. பாவம், அது இருட்டில் லாரியில் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வந்த களைப்பில் இரண்டு இலை பழுக்கத்தான் செய்யும். வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் போதும், தானே தேறிக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் யாருக்கும் சும்மா இருக்க வராது. வாசலுக்கு வந்த ஜீவன் எதுவானாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துத்தான் பழக்கம். அந்த ஒரு சொம்பில்தான் என் பிழைப்பே நடக்கிறது.

சீட்டில் உட்கார்ந்து வந்த செடி

உளுந்தூர்பேட்டையில் ஒரு வேலையாகப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நேர் எதிரே ஜன்னல் சீட்டில் ஒரு பனைச்செடி உட்கார்ந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் ஓட்டல் நடத்தும் ஒரு அம்மா, செடியின் தோளைச் சுற்றிக் கை போட்டபடி. என் வயதைப் பார்த்தாவது எடுத்து மடியில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். செடிக்குக் காற்று வேண்டுமாம்.

கண்டக்டர் வந்து செடிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். அந்த அம்மா, பூசணிக்காய்க்கும் கோழிக்கும் கேட்காத டிக்கெட் இதற்கு மட்டும் எதற்கு என்று சண்டைக்குப் போனார். பார்சலில் வந்த செடி, வந்ததிலிருந்து தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது, கள்ளக்குறிச்சியில் ஒரு ஆளிடம் வைத்தியத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அந்த ஆள் நான்தான். சொல்லவில்லை. நின்றுகொண்டே கடைசி வரை வந்தேன். கண்டக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார்: “மடியில வச்சிகினு வந்தா அது செடிங்க. சீட்டுல ஒக்காந்துகினு வந்தா அது பாசஞ்சர்.”

நைனார்பாளையத்துச் சேதி

இந்தத் தொழிலில் எத்தனையோ செடி பார்த்துவிட்டேன். என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே ஒன்று. அது நைனார்பாளையத்தில் இருக்கும் என் மனைவி பிலோமினாவின் அண்ணன் சூசை வீட்டுக்கு வந்த ஆந்தூரியம். சிவப்புப் பூ, கெட்டி இலை, பார்த்தால் மெழுகில் செய்தது போல இருக்கும்.

முதலில் சூசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று ஒரு பெரிய பட்டியல் போட்டான். பால் சொசைட்டி செயலாளர் இருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் இருந்தார். டிராக்டர் வைத்திருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருந்தது. பெண்ணின் ஒரே அத்தையைக் கட்டிய நான் இல்லை. பிரஸ்காரன் தப்பு என்றான். அந்தப் பிரஸ்காரன் டிராக்டரை மட்டும் எப்படி மறக்கவில்லை? அன்றோடு சூசையிடம் பேச்சை நிறுத்தினேன். அவன் வீட்டு கேட்டைத் தாண்டுவதில்லை என்றும் முடிவு செய்தேன். அவன் புது வீடு கட்டி, சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தபோதும் நான் போகவில்லை. அவனும் அதைப் பிடித்துக்கொண்டு என் கடைப்பக்கம் வருவதில்லை.

ஸ்டெல்லா குவைத்தில் நர்ஸ். புது வீடு மந்திரிப்புக்கு அவளால் வர முடியவில்லை. நானே வந்து கூடத்தில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இந்தச் செடியை அங்கிருந்தே செல்போனில் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருந்தாள். அங்கேதான் வினை. இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள், தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரப்போகிறாள். செடியோ நாளுக்கு நாள் மஞ்சளாகிறது. ஒவ்வொரு இலை விழும்போதும் அவள் அம்மா லூர்துமேரி மகள் பேரைச் சொல்லி அழுகிறாள். மகளே கூடத்தில் நின்று வாடுவது போல நினைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். சூசை வெளியே காட்டிக்கொள்ளாமல், பெட்டி வந்த அன்று எடுத்த படத்தையே திருப்பித் திருப்பி குவைத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு ஸ்டெல்லா மேல் ஒரு கோபமும் கிடையாது. செடியைக் கடைக்குக் கொண்டுவரட்டும், பார்க்கிறேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். வேண்டுமானால் அவர் இங்கே வந்து பார்க்கட்டும் என்று சூசை சொன்னானாம். நான் போக முடியாது என்றதும் பிலோமினா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “பத்திரிகையில பேரு இல்லாதவன் செடிய தொடக்கூடாதுன்னு எந்த பைபிள்ல போட்டுகினு இருக்குது?”

ஓட்டை விழுந்த இலை

அதே வாரம் கோர்ட்டில் வேலை செய்யும் ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு இலையிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பார்சல்காரன் பூச்சி தின்ற செடியை என் தலையில் கட்டிவிட்டான், கேஸ் போடலாமா என்று கேட்டார். நானும் அப்போதுதான் அந்த ஜாதிச் செடியை முதன்முதலாகப் பார்க்கிறேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லை, முட்டை இல்லை. தின்றுவிட்டுப் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்லி, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி ஒரு பாட்டில் கொடுத்தேன்.

பிறகு வேறொருவர் அதே செடியோடு வந்தார். அவர் செல்போனில் காட்டிய படத்திலும் அதே ஓட்டைகள். அந்தச் செடிக்கு இலையே அப்படித்தானாம், ஓட்டைக்குத்தான் கிராக்கியாம். எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. குமாஸ்தா கேஸ் போட்டால் என் மேல்தான் போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தார். செடியை வீட்டில் ஒரு இருட்டு மூலையில் வைத்திருக்கிறார். வெளிச்சம் கம்மியானால் அந்தச் செடி புது இலையை ஓட்டையில்லாமல்தான் விடும் போலிருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லாமல் முழு இலை வந்திருக்கிறது. கோர்ட் வளாகம் முழுக்க என் கைராசியைச் சொல்லிவிட்டாராம். அத்தனை சந்தோஷத்தோடு நிற்கிற மனிதரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மருந்த நிறுத்துனா மறுபடியும் பூச்சி வந்துடும்ணே, இன்னொரு பாட்டில் குடுங்க.”

மலைக்குப் போகாத செடி

கல்வராயன் மலைமேல் தினையும் மரவள்ளியும் போடும் ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். அந்த வீட்டுப் பையன் சென்னையில் ஓட்டலில் வேலை செய்கிறான். அவன் அம்மாவுக்கு ஒரு பாம்புச் செடி அனுப்பியிருந்தான். கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்குமே, அது. பார்சல் வண்டி மலை ஏறாது என்பதால் என் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தான். சந்தைக்கு இறங்கிய அன்று அந்த அம்மா வந்தார். பெட்டியைப் பிரித்துக் காட்டினேன்.

அவர் செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மாடு வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். காய் காய்க்குமா என்றார். காய்க்காது என்றேன். மலையில் கிடக்கிற மருள் செடி மாதிரி இருக்கிறதே, நார் உரிக்கலாமா என்றார். உரிக்கக்கூடாது என்றேன். ஆடு தின்னுமா என்றார். ஆட்டுக்கு ஆகாது என்றேன். அப்படியென்றால் இதற்கு என்னதான் வேலை என்றார். வீட்டுக்குள் ஒரு மூலையில் வைக்க வேண்டியது, அதிகம் தண்ணீர் கேட்காது, அது பாட்டுக்கு இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பெட்டியை மூடி என் பக்கமே தள்ளிவிட்டுச் சொன்னார்: “வேல வெட்டி இல்லாம மூலையில ஒக்காந்துகினு இருக்க எங்க வூட்டுக்காரரு ஒருத்தரு போதுங்க.”

கேட்டுக்கு வெளியே வைத்தியம்

பிலோமினா தினமும் நைனார்பாளையத்து நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு இலை போச்சு, பூ கருத்துப்போச்சு என்று. ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. காலையில் கத்தியும் ஒரு சாக்கில் கலவையும் எடுத்துக்கொண்டு, வா போகலாம் என்றேன். ஆனால் கேட் வரைக்கும்தான் வருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெரு பஞ்சாயத்துக்குச் சொந்தம். அங்கே நிற்க எனக்கு எவன் பத்திரிகையும் தேவையில்லை.

சூசை கேட்டுக்கு உள்ளே, நான் வெளியே. நடுவில் பிலோமினா. செடியைக் கொண்டுவந்து கேட்டடியில் வைத்தார்கள். மூன்று இலைதான் மிச்சம். அடியில் மண் சேறாகக் கிடந்தது, ஒரு மாதிரி நாற்றமும் அடித்தது. எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினார்கள் என்று உன் அண்ணனைக் கேள் என்றேன். ஊற்றவே இல்லை என்று உன் வீட்டுக்காரரிடம் சொல் என்றான். அப்படியென்றால் மழை கூடத்துக்குள் பெய்ததா என்று கேள் என்றேன். பிலோமினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வேலையே இருக்கவில்லை, எங்கள் இருவர் குரலும் தெருக்கோடி வரை கேட்டது.

கடைசியில் லூர்துமேரிதான் விஷயத்தைச் சொன்னாள். மகள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபக்கூட்டம். வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்து கோயில் தீர்த்தம் கொண்டுவந்து, ஸ்டெல்லா பேரைச் சொல்லி, செடியின் தலையில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாட வாட ஜெபம் ஜாஸ்தி ஆகியிருக்கிறது. ஜெபம் ஜாஸ்தி ஆக ஆகச் செடி இன்னும் வாடியிருக்கிறது. நான் சூசையைப் பார்த்தேன். அவன், மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக நேராக என் முகத்தைப் பார்த்து, ரொம்ப ரோஷமாகச் சொன்னான்: “தண்ணி ஒரு சொட்டு ஊத்தல மாப்ள. தீர்த்தம்தான்.”

போனைப் பிடித்துக்கொண்டு

தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து செடியைப் பிடுங்கினேன். வேர் பாதி அழுகி, தொட்டால் கையோடு வந்தது. அழுகினதை எல்லாம் வெட்டினேன். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சில் கலந்த கலவையில் நடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சூசையின் போன் அடித்தது. வீடியோவில் ஸ்டெல்லா. டிக்கெட் போட்டாயிற்று, வரப்போகிறேன், கூடத்தைக் காட்டுங்கள் அப்பா, செடி எப்படி இருக்கிறது பார்க்கணும் என்றாள்.

சூசைக்கு முகம் வெளுத்துவிட்டது. கீழே என் மடியில் மொட்டையாகக் கிடக்கிறது அவன் மகள் அனுப்பிய செடி. மேலே போனில் மகள். லூர்துமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சூசை செய்த காரியம் என்ன தெரியுமா? மாமா வந்திருக்கார் பார் என்று சொல்லி, போனை என் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். இத்தனை வருஷம் என்னை ஒளித்து வைத்தவன், செடியை ஒளித்து வைக்க என் மூஞ்சியை எடுத்துக் காட்டினான்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மாமா, எங்கள் வீட்டிலா இருக்கிறீர்கள், உள்ளே போனீர்களா, வீடு எப்படி இருக்கிறது, நீங்களே எனக்குச் சுற்றிக் காட்டுங்கள் என்று அடுக்கினாள். அந்த நிலைமையில் இருக்கிற பிள்ளையிடம், நான் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன் என்று யாரால் சொல்ல முடியும்? போனை உயரமாகப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கேட்டைத் தாண்டினேன். போனைத்தான் கொண்டுபோனேன், என் கால்கள் அதன் பின்னால் போயின, அவ்வளவுதான். கூடம் காட்டினேன், மாதா பீடம் காட்டினேன், அடுப்படி காட்டினேன். அடுப்படியைத் தாண்டி, துணி துவைக்கிற கல்லைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. வெயில் உள்ளே விழவில்லை, வெளிச்சம் மட்டும் பால் மாதிரி நிறைந்திருந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் ஸ்டெல்லா, செடி எங்கே மாமா என்றாள். தொட்டி மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றேன். பொய் இல்லை. அவள் கொஞ்சம் குழம்பின மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தொட்டி நல்லாதானே இருந்துச்சி மாமா, அத எதுக்கு மாத்துறீங்க?”

ஸ்டெல்லா வந்த நாள்

அதன் பிறகு நான் பல தடவை நைனார்பாளையம் போனேன். செடியைப் பார்க்கத்தான். சூசையிடம் செடி சம்பந்தமாக மட்டும் பேசினேன். ஜெபக்கூட்டத்தை அடுத்த தெருவுக்கு மாற்ற வைத்தேன். மூன்று இலையும் அப்படியே நின்றன. ஒன்றும் விழவில்லை, ஒன்றும் வரவுமில்லை. லூர்துமேரி தினமும் ஜன்னலடியில் முழங்காலிட்டுத் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் போன் போட்டு, பேச முடியாமல் அழுதாள். நானும் பிலோமினாவும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனோம். தண்டின் கணுவில் பென்சில் முனை மாதிரி ஒன்று சுருண்டு எட்டிப் பார்த்தது. மினுமினுவென்று இளஞ்சிவப்பாக இருந்தது, புது இலை. சூசை என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான். என் கையெல்லாம் மண் என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஸ்டெல்லா வந்து இறங்கிய அன்று இலை நன்றாக விரிந்து தளதளவென்று இருந்தது. செடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். அவள் புருஷனிடம் சூசை என்னைக் காட்டி, இவர்தான் கள்ளக்குறிச்சியில் தொட்டிக்கடை வைத்திருப்பவர் என்று அறிமுகம் செய்தான். தங்கச்சி புருஷன் என்று சொல்லவில்லை. கவனித்துக்கொண்டேன். அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது.

லூர்துமேரி மகளின் கையைப் பிடித்துச் செடியருகே கூட்டிப்போனாள். நீ அனுப்பின மாதிரியே வைத்திருக்கிறோம் என்றாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். ஸ்டெல்லா செடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஒரு இலையைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்தாள். மறுபடியும் தொட்டு, மண்ணைக் கிளறி, விரலை மோந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். என்னவென்று கேட்டால் சொல்ல முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. லூர்துமேரியும் காரணம் தெரியாமலே சிரித்தாள், சூசையும் சிரித்தான், நானும் வேண்டா வெறுப்பாகக் கொஞ்சம் சிரித்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: “அம்மா எத குடுத்தாலும் தண்ணி ஊத்தியே சாவடிக்கும்னுதான் மாமா, தூசு தட்டுனா போதும்னு பிளாஸ்டிக் செடிய பாத்து ஆர்டர் போட்டேன். இன்னா மாமா இது, உசுரோட இருக்குது?”

ஆகையால், பார்சலில் செடி வாங்கி என்னைப் போலவே அவதிப்படுகிற அன்பர்களே, பெட்டியைப் பிரித்ததும் ஓர் இலையை லேசாகக் கிள்ளிப் பாருங்கள், சாறு வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள், சாறு வராவிட்டால் ஆசை தீர எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.